காத்துப் படாத படிப்பு

பதிவு எழுதி மூணு மாசம் ஆச்சு. வேலை, வெயில், பையனோட பரீட்சைன்னு வரிசையா சாக்கு இருக்கு. இன்னிக்கும் எழுதியிருக்க மாட்டேன். போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை எங்க வீட்டு ஹால்ல நடந்த பஞ்சாயத்துதான் எழுத வைக்குது.

பரோடாவுல நாங்க இருக்கற சொசைட்டியில (இங்க அடுக்குமாடிக் குடியிருப்புக்கு அதான் பேரு) தமிழ்க் குடும்பம் மொத்தம் ஆறு. அதுல ஒருத்தர் திருநெல்வேலிக்காரர். என்னை விட எட்டு வயசு மூத்தவர், ஆனாலும் என்னை 'அண்ணாச்சி'ன்னுதான் கூப்பிடுவார். நானும் அவரை அண்ணாச்சின்னுதான் கூப்பிடுவேன். அவரோட பொண்ணு எம்.எஸ்சி. மைக்ரோபயாலஜி முடிக்கப் போறா. நெட் தேர்வு எழுதி ஜே.ஆர்.எஃப். வாங்கிட்டா. அதே நேரத்துல ஒரு மருந்துக் கம்பெனியில தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுல வேலையும் கிடைச்சிருக்கு. பொண்ணு என்ன சொல்றா? பி.எச்டி. பண்ணப் போறேன், அதுவும் ஆக்சிஜன் இல்லாம வாழற பாக்டீரியாவைப் பத்தின்னு சொல்றா.

"அண்ணாச்சி, நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. அதே படிப்பைப் பாதியில விட்டுட்டு வந்தவரு நீங்க. நீங்க சொன்னா கேப்பா."

காபியைக் கையில வச்சுக்கிட்டு அவர் இப்படிச் சொன்னதும் எனக்குச் சுருக்னு இருந்தது. அவர் மேல தப்பு இல்ல. உண்மையத்தான் சொன்னார். அந்த உண்மையை நானே இதுவரைக்கும் இங்க எழுதினதில்ல. அதனால கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன், பொறுத்துக்கோங்க.

சங்கரன்கோவில் பக்கத்துல எங்க ஊர்ல, வீட்டுக்குப் பின்னாடி ஒரு கோபர் கேஸ் தொட்டி இருந்தது. கிணறு மாதிரி ஒரு குழி, மேல கவுத்துப் போட்ட இரும்பு டிரம். கேஸ் சேரச் சேர டிரம் மேல வரும், அம்மா அடுப்புப் பத்த வச்சா மெல்லக் கீழ இறங்கும். எங்களுக்கு அது ஒரு வேடிக்கை. ஒரு நாள் டிரம் மேல வரவே இல்ல. சாணி கரைச்சு ஊத்தறாங்க, தண்ணி ஊத்தறாங்க, ஒண்ணும் நடக்கல. ஊர்ல ஒருத்தருக்கும் காரணம் தெரியல. அப்பா வெறுத்துப் போய் குழியை மூடிட்டார்.

காரணம் எனக்குத் தெரிஞ்சது பத்து வருஷம் கழிச்சு, கல்லூரி வகுப்புல. அந்த வாரம் தொழுவத்துல ஏதோ நோய்னு சொல்லி அப்பா பினாயில் ஊத்திக் கழுவியிருந்தார். அந்தத் தண்ணி நேரா தொட்டிக்குள்ள போயிருக்கு. உள்ள இருந்த உயிர்கள் செத்துப் போச்சு. செத்தது எதுன்னு தெரியாமலே ஒரு ஊரே டிரம்மைத் தட்டித் தட்டிப் பாத்துக்கிட்டு இருந்திருக்கு! அன்னிக்குத்தான் நான் இந்தப் பக்கம் சாஞ்சேன்.

சரி, அந்த உயிர்கள் யாரு? நம்ம இட்லி மாவைப் புளிக்க வைக்கறதுகூட பாக்டீரியாதான். ஆனா அதுங்களுக்கு ஆக்சிஜன் இருந்தாலும் ஓகே, இல்லன்னாலும் ஓகே. நான் சொல்றது அந்த வகை இல்ல. காத்துப் பட்டாலே வளராம நின்னு போற, பல நேரம் செத்தே போற ஜாதி. மாட்டோட வயித்துல, நம்ம குடல்ல, குளத்துச் சேத்துக்கு அடியில, செப்டிக் டேங்குல இருக்கறதுங்க. நாம மூச்சு விடற காத்துதான் அதுங்களுக்கு விஷம்.

இன்னொரு விஷயம், அதுல பல வகைங்க ரொம்ப மெதுவா வளரும். ஒரு குளுக்கோஸ் மூலக்கூறை ஆக்சிஜனோட எரிச்சா செல்லுக்குச் சுமார் 30 ஏ.டி.பி. கிடைக்கும். ஆக்சிஜன் இல்லாம நொதிக்க வச்சா 2 தான். சம்பளம் கம்மி, அதனால குடும்பமும் மெதுவாத்தான் பெருகும். பாடப் புத்தகத்துல வர்ற ஈ.கோலை 20 நிமிஷத்துல ரெண்டாகும். மீத்தேன் உண்டாக்கறதுல சில வகை ஒரு தடவை ரெண்டாக நாள்கணக்கா எடுத்துக்கும். ஆராய்ச்சி பண்ற ஆளோட வயசும் அதே கணக்குலதான் ஓடும். :-)

இந்தத் துறைக்கு அப்பான்னு ஒருத்தரைச் சொல்லணும்னா ராபர்ட் ஹங்கேட். 1906ல பிறந்த அமெரிக்கர். ஸ்டான்ஃபோர்டுல வான் நீல்ங்கற பேராசிரியர்கிட்ட முதல் ஆராய்ச்சி மாணவரா சேர்ந்தவர். எடுத்துக்கிட்ட விஷயம் கரையான். மரத்தைத் தின்னுட்டு அது எப்படி உயிர் வாழுதுன்னு கேள்வி. பதில் கரையான்கிட்ட இல்ல, அதோட குடல்ல இருக்கற நுண்ணுயிர்கள்கிட்ட இருக்கு. 1935ல பி.எச்டி. வாங்கறார். அங்கிருந்து மாட்டோட வயித்துக்குப் போறார். மாடும் அப்படித்தான், வைக்கோலைச் செரிக்கற நொதி மாட்டுக்கிட்ட கிடையாது. முதல் இரைப்பையில ஒரு மில்லி லிட்டருக்கு ஆயிரம் கோடி பாக்டீரியா உக்காந்து செரிச்சுக் கொடுக்குது.

ஆனா அதைத் தனியாப் பிரிச்சு வளர்த்தாத்தானே படிக்க முடியும்? வெளிய எடுத்தா செத்துப் போகுதே! ஹங்கேட் ஒரு முறை கண்டுபிடிச்சார். சூடு பண்ணின தாமிரத்து மேல வாயுவைச் செலுத்தி, மிச்சம் மீதி ஆக்சிஜனையும் உறிஞ்சிட்டு, அந்த வாயுவைச் சோதனைக் குழாய்க்குள்ள ஊதிக்கிட்டே உணவை ஊத்தணும். ரப்பர் அடைப்பானால மூடணும். உருகின அகார் இறுகறதுக்குள்ள குழாயை உருட்டினா உள் சுவர்ல மெல்லிசா ஒரு படலம் படியும். அதுல பாக்டீரியா புள்ளி புள்ளியா முளைக்கும். கேக்கறதுக்கு அப்பளம் இடற பக்குவம் மாதிரி இருக்கும். இந்த முறையை அவர் விரிவா எழுதின கட்டுரை வந்தது 1950ல. பி.எச்டி. முடிச்சு 15 வருஷம் கழிச்சு! மாட்டு இரைப்பையைப் பத்தின அவரோட பெரிய புத்தகம் 1966ல வந்தப்ப அவருக்கு வயசு 60. 2004ல, 98 வயசுல காலமானார்.

அவரோட மாணவர் மார்வின் பிரையன்ட். சாராயத்தை மீத்தேனா மாத்தற ஒரு உயிரை 1940ல பார்க்கர்ங்கற விஞ்ஞானி தனியாப் பிரிச்சிட்டதா எழுதியிருந்தார். எல்லாப் பாடப் புத்தகத்துலயும் அது ஒரே இனம். 1967ல பிரையன்ட்டும் கூட்டாளிகளும் அது ஒண்ணு இல்ல, ரெண்டுன்னு காட்டினாங்க. ஒண்ணு சாராயத்தைத் தின்னுட்டு ஹைட்ரஜனை வெளிய விடுது. இன்னொண்ணு அந்த ஹைட்ரஜனைத் தின்னுட்டு மீத்தேன் விடுது. ரெண்டாவது இல்லன்னா ஹைட்ரஜன் சேர்ந்து சேர்ந்து முதலாவதுக்குச் சோறு இறங்காது. 27 வருஷமா ஒரே ஆள்னு நினைச்சது ஒரு கூட்டுக் குடித்தனம்! பிரையன்ட் வேலை பாத்த அதே இலினாய் பல்கலைக்கழகத்துல, ரால்ஃப் வுல்ஃப் லேப்ல வளர்த்த மீத்தேன் உயிர்களை வச்சுத்தான் கார்ல் வோஸ் 1977ல ஒரு குண்டைப் போட்டார். இதுங்க பாக்டீரியாவே இல்ல, உயிர்க் குலத்துல தனிக் கிளைன்னு. இன்னிக்கு அதுக்குப் பேரு ஆர்க்கியா. கரையான்ல ஆரம்பிச்ச கதை எங்க வந்து நிக்குது பாருங்க.

நம்ம ஊருக்குப் பக்கமா ஒரு கதை சொல்றேன். சவுண்டல் மரம் எல்லாருக்கும் தெரியும், சூபாபுல்னும் சொல்வாங்க. ஆட்டுக்கு நல்ல தழை. ஆனா அதிகமாத் தின்னா முடி கொட்டும், கழுத்துல வீக்கம் வரும். மைமோசின்னு ஒரு நச்சு அதுல இருக்கு. ஆஸ்திரேலியாவுல இது பெரிய பிரச்சினை. ஆனா ஹவாய்த் தீவு ஆடுகள் அதையே தின்னுட்டுச் சௌக்கியமா இருக்கறதை ரேமண்ட் ஜோன்ஸ்ங்கற ஆஸ்திரேலிய விஞ்ஞானி கவனிச்சார். வித்தியாசம் ஆட்டுல இல்ல, அதோட வயித்துல இருக்கற பாக்டீரியாவுலன்னு யூகிச்சார். அந்த வயித்து நீரை ஆஸ்திரேலிய ஆடு மாடுகளுக்கு மாத்தினப்ப அதுங்களும் தப்பிச்சது. 1992ல அந்த பாக்டீரியாவுக்கு அவர் பேரையே வச்சாங்க, சினெர்ஜிஸ்டஸ் ஜோன்சியை. பாலுக்குள்ள உறை மோர் ஊத்தற மாதிரி ஒரு வைத்தியம்!

இப்ப என் கதைக்கு வர்றேன்.

நானும் எருமை இரைப்பையிலேர்ந்து வைக்கோலைச் செரிக்கற ஒரு பாக்டீரியாவைப் பிரிச்சேன். எந்த ஊர், எந்த நிறுவனம்னு வேண்டாம். மூணரை வருஷம் ஆச்சு சுத்தமாப் பிரிக்க. அதுக்கு வைக்க ஒரு பேர்கூட மனசுல வச்சிருந்தேன். நாங்க பயன்படுத்தற உணவுல ரெசசூரின்னு ஒரு சாயம் போடுவோம். ஆக்சிஜன் இல்லன்னா நிறமே இருக்காது. கொஞ்சம் ஆக்சிஜன் புகுந்தாலும் ரோஸ் கலராயிடும். எங்க பாஷையில ரோஸ்னா சாவு.

நைட்ரஜன் சிலிண்டர் தீந்து போச்சு. புதுசு வாங்கற கோப்பு ஒரு மேஜையிலேர்ந்து இன்னொரு மேஜைக்கு ஆறு வாரம் நடந்தது. அந்த பாக்டீரியாவை அப்பப்ப புது உணவுக்கு மாத்தணும், இல்லன்னா செத்துடும். மிச்சம் இருந்த வாயுவை வச்சுப் புது உணவு தயார் பண்ணிப் பாத்தேன். ராத்திரி போட்டு வச்சேன், காலையில எல்லாப் பாட்டிலும் ரோஸ். உறைய வச்சிருந்த மாதிரிகளாவது இருக்குன்னு நினைச்சா, மே மாசம் மின்சாரம் போனப்ப அந்த ஃபிரீசரும் போயிருந்தது, யாரும் பாக்கல. அந்தச் சமயத்துல உதவித்தொகை ஏழு மாச பாக்கி. வீட்டுல அவங்க ஆறு மாச கர்ப்பம். நான் விட்டுட்டு வந்துட்டேன்.

இப்ப தொழிற்சாலைக் கழிவுநீரைச் சுத்தம் பண்ற கம்பெனியில இருக்கேன். நல்ல சம்பளம், குறை ஒண்ணும் இல்ல. ஆனாலும் இன்னிக்கும் கடையில ரோஸ் மில்க் பாட்டிலைப் பாத்தா அந்தக் காலை ஞாபகம் வரும். சிரிக்காதீங்க.

இவ்வளவையும் அண்ணாச்சிக்கும் அவர் பொண்ணுக்கும் அன்னிக்கே சொன்னேன். அண்ணாச்சி முகம் மலர்ந்தது, "பாத்தியா?"ன்னு பொண்ணைப் பாத்தார். அங்கதான் நான் கட்சி மாறினேன்.

என் கருத்து இதுதான். என் வருஷங்களைத் தின்னது அந்த பாக்டீரியா இல்ல. ஒரு சிலிண்டரும், வராத உதவித்தொகையும்தான். படிப்பு மோசம்ங்கறதும் படிப்புக்கான ஏற்பாடு மோசம்ங்கறதும் வேற வேற. ரெண்டையும் குழப்பிக்கிட்டு நாம பிள்ளைங்களை விரட்டறோம்.

ஊரை விட்டு வந்த நமக்கு இந்தக் குழப்பம் கொஞ்சம் ஜாஸ்தி. ஏன்னா நாம ஊரை விட்டதே சம்பளத்துக்காக. அஞ்சு வருஷத்துல வீடு, பத்து வருஷத்துல காருன்னு ஊர்ல காட்ட ஏதாவது வேணும். நவஜீவன் எக்ஸ்பிரஸ்ல ஏறி ஊருக்குப் போனா, "பொண்ணு என்ன பண்றா?"ன்னு கேக்கற சித்திக்கு ஒரே வரியில பதில் சொல்லணும். "எருமை வயித்துல இருக்கற கிருமியை வளர்க்கறா"ன்னு சொன்னா கல்யாணச் சந்தையில எடுபடுமான்னு நமக்குப் பயம். அந்தப் பயத்துக்கு 'எதிர்காலம்'னு ஒரு நல்ல பேர் வச்சிருக்கோம்.

இந்த நாட்டுக்கு இந்தப் படிப்பு தேவையில்லையா? 2019 கால்நடைக் கணக்கெடுப்புப்படி நம்ம நாட்டுல மாடும் எருமையும் சேர்த்துச் சுமார் 30 கோடி. ஒவ்வொண்ணோட வயித்துலயும் இந்த உயிர்கள்தான் வேலை பாக்குது. ஏப்பமா வெளிய வர்ற மீத்தேன் பூமியைச் சூடாக்குது, அது போக மாட்டுத் தீவனத்துல கொஞ்சம் சக்தி வீணாப் போகுது. அதைக் குறைக்கணும்னா அந்த வயித்துக்குள்ள யாரு யாரு இருக்காங்கன்னு தெரியணும். கழிவுநீரை எடுத்துக்கோங்க. நெதர்லாந்துல லெட்டிங்கா 1970கள்ல உருவாக்கின யு.ஏ.எஸ்.பி. தொட்டி, 1989லயே கான்பூர்ல நாளைக்கு 50 லட்சம் லிட்டர் அளவுக்கு ஓட ஆரம்பிச்சது. காத்து ஊத வேண்டாம், அதுக்குக் கரண்ட் வேண்டாம், மேல கேஸும் கிடைக்கும்.

கடைசியா, செப்டிக் டேங்க். அதுக்குள்ள இறங்கிச் செத்துப் போறவங்களைக் கொல்றதுல ஹைட்ரஜன் சல்ஃபைடுக்குப் பெரிய பங்கு இருக்கு. அதை உண்டாக்கறதும் காத்து இல்லாம வாழற இந்தக் கூட்டம்தான். கையால மலம் அள்ள வைக்கறதைத் தடுக்கற சட்டம் 2013ல வந்தது. இறந்தவங்க குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய்னு உச்ச நீதிமன்றம் 2023ல சொன்னது. ஆனா இன்னும் ஆள் இறங்கறது நிக்கல. இதை நிறுத்த மிஷினும் மனசாட்சியும் வேணும், ஒத்துக்கறேன். ஆனா அந்தத் தொட்டிக்குள்ள என்ன நடக்குதுன்னு தெரிஞ்ச நாலு பேரும் வேணும்.

அதே சமயம் 'மனசு சொல்றபடி போம்மா'ன்னு வசனம் பேசவும் எனக்கு இஷ்டம் இல்ல. அது அடுத்தவன் பொண்ணுக்குச் சொல்லச் சுலபம். வீட்டுல கடன் இருக்கு, தம்பி படிக்கணும், அப்பா சம்பளம் நின்னு போச்சுன்னா எம்.எஸ்சி.யோட வேலைக்குப் போறதுதான் சரி, அது தோல்வி இல்ல. ஆனா அண்ணாச்சி வீட்டு நிலைமை அது இல்ல. சொந்த ஃபிளாட், கடன் இல்ல, ஒரே பொண்ணு. ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை 2023 ஜனவரியிலேர்ந்து மாசம் 37,000 ரூபாய், ரெண்டு வருஷம் கழிச்சு 42,000. வீட்டு வாடகைப் படி தனி. ஒழுங்கா மாசாமாசம் வந்தா ஒரு ஆள் கௌரவமா வாழலாம். அந்த 'வந்தா'தான் பெரிய கேள்வி. மாசாமாசம் கொடுக்க வேண்டியது அரசாங்கத்தோட கடமை, அதை நாமும் சத்தம் போட்டுக் கேக்கணும். பையனுக்குச் சம்பளம் ஏழு மாசம் வரலன்னா எந்த ஐ.டி. கம்பெனி வாசல்லயும் போய் நிப்போம். ஆராய்ச்சி மாணவர்னா மட்டும் 'படிக்கற புள்ளதானே'ன்னு சும்மா இருக்கோம்.

பொண்ணுகிட்ட நான் சொன்னது இவ்வளவுதான். லேப்ல சேர்றதுக்கு முன்னாடி அங்க இப்ப படிக்கறவங்களைத் தனியா, வழிகாட்டி பக்கத்துல இல்லாதப்போ, கேளு. கடைசியா முடிச்சவங்களுக்கு எத்தனை வருஷம் ஆச்சு? உதவித்தொகை கடைசியா எப்ப வந்தது? சிலிண்டர் தீந்தா யாரு வாங்குவாங்க, எத்தனை நாள்ல? வாயுக் குழாயைப் பாத்துக்க நிரந்தரமா ஒரு டெக்னீஷியன் இருக்காரா? வழிகாட்டி எப்ப ஓய்வு பெறுவார்? முக்கியமா, உன் பாக்டீரியாவோட நகல் வேற ஊர்ல ஒரு சேகரிப்பு மையத்துல எப்ப போய்ச் சேரும்? இதுல நாலுக்கு நல்ல பதில் வரலன்னா எவ்வளவு பெரிய பேர் போன இடமா இருந்தாலும் போகாத. கோடி ரூபாய் மிஷினை விட, ரப்பர் அடைப்பானைச் சரியாப் போடத் தெரிஞ்ச ஒரு அண்ணன் இந்தத் துறையில முக்கியம்.

பொண்ணு நோட்டு எடுத்து எழுதிக்கிட்டா. அப்புறம், "அங்கிள், உங்க பாக்டீரியாவுக்கு என்ன பேர் வைக்க நினைச்சீங்க?"ன்னு கேட்டா. இத்தனை வருஷத்துல என்கிட்ட யாரும் அதைக் கேட்டதில்ல. எங்க ஊர் பேருன்னு சொன்னேன்.

அடுத்த ஞாயிறு அண்ணாச்சியையும் அவர் வீட்டம்மாவையும் நான் பாத்துக்கற ஒரு ஸ்டார்ச் ஃபேக்டரித் தொட்டிக்குக் கூட்டிட்டுப் போனேன். அடியிலேர்ந்து எடுத்த தண்ணியைக் கண்ணாடிக் குடுவையில காட்டினேன். கடுகு மாதிரி கறுப்பாச் சின்னச் சின்ன உருண்டைங்க அடியில உக்காந்தது. ஒவ்வொண்ணும் ஒரு ஊர், உள்ள ஒருத்தர் விட்ட மிச்சத்தை இன்னொருத்தர் தின்னுக்கிட்டு இருக்காங்கன்னு சொன்னேன். அங்க வர்ற கேஸ்தான் பாய்லர்ல எரியுது, அதையும் காட்டினேன். அம்மா ரொம்ப நேரம் அந்த நெருப்பையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. "எங்க பாட்டி வீட்டுல இப்படித்தான் நீலமா எரியும்"னு மட்டும் சொன்னாங்க.

அண்ணாச்சி ஒண்ணும் பேசல. வண்டியில திரும்பி வர்றப்ப கோர்வா பாலம் தாண்டினதும் தொண்டையைக் கனைச்சார்.

"அண்ணாச்சி, அந்த நைட்ரஜன் சிலிண்டரு... ஒண்ணு என்ன வெலை இருக்கும்? அவசரத்துக்கு நாமளே வாங்கிக் குடுக்க விடுவானுவளா?"

டிஸ்கி: பொண்ணு ரெண்டு லேப்ல பேசியிருக்கா, இன்னும் முடிவாகல. உங்க வீட்டுலயும் இப்படி ஒரு பஞ்சாயத்து ஓடிக்கிட்டு இருந்தா, விரட்டறதுக்கு முன்னாடி மேல இருக்கற கேள்விகளை ஒரு தடவை கேட்டுப் பாருங்க. அப்படியே ஊர்ல கோபர் கேஸ் தொட்டி வச்சிருக்கவங்க பினாயில் தண்ணியை அதுல விடாதீங்க. அப்பாவுக்கு இதைச் சொல்ல எனக்கு வாய்ப்பு கிடைச்சப்ப அவர் சிரிச்சுக்கிட்டே, "முன்னாடியே படிச்சிருக்கக் கூடாதாலே?"ன்னார்.